மூன்றாவது டிஸ்க் எது

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதிக்கொள்வது.

நீ கட்டிக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி போன மாதம் பன்னிரண்டாம் தேதி நிறைந்துவிட்டது. அதில் இன்னொரு டிஸ்க் போட்டு இடத்தைப் பெரிதாக்கினேன். பாதி வேலையில் பழைய டிஸ்க் ஒன்று செத்துப்போனது. ஆனாலும் எதுவும் தொலையவில்லை. விஷயம் இவ்வளவுதான். உனக்கு அவசர வேலை இருந்தால் படிப்பதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து மழை, கடைக்குள் ஈரக் காலோடு வந்து போனது ஒரு நாய் மட்டும்தான்.

உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, அங்கே வாடகை எவ்வளவு, வேலை பார்க்கிற இடத்தில் மரியாதையாக நடத்துகிறார்களா என்றெல்லாம் முதலில் கேட்பதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் அக்கா இன்னும் மகள் வீட்டில்தான். பிரசவம் பார்க்கப் போனவள், குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், நின்றது. பல் முளைக்கட்டும் என்றாள், அதுவும் முளைத்தது. இப்போது நடக்கட்டும் என்கிறாள். போகிற போக்கைப் பார்த்தால் அது வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் திரும்புவாள் போலிருக்கிறது. சமையல் நானே. ஒரு ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்கிற அளவு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. எப்படிப் போட்டாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் உன்னைத் திரும்பக் கூப்பிடுவதற்காக எழுதியது இல்லை. நீ போய் இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது, கடை நடக்கிறது, போல்ட்டும் நட்டும் உன்னைக் கேட்டுக்கொண்டு விற்பதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "ம்" என்பாய், நான் "சரி" என்பேன், அப்புறம் இரண்டு பேரும் "வெச்சுடவா" என்போம். காகிதம் அப்படி வெச்சுடவா என்று கேட்காது.

இனி பெட்டி விஷயம். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். ஆதியிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஓடும். கடையின் நாலு கேமராவும் கடை திறந்திருக்கிற நேரமெல்லாம் பார்ப்பதைப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளும், பில், சரக்கு விவரம் எல்லாமும் அதிலேயே இருக்கும் என்று சொல்லி என்னை மூன்று டிஸ்க் வாங்க வைத்தாய். ஒவ்வொன்றும் நாலு டெராபைட். நாலு மூணு பன்னிரண்டு என்று நான் கணக்குப் போட்டுச் சந்தோஷமாக இருந்தபோது, எட்டுதான் நமக்கு என்றாய். மீதி நாலு எங்கே என்று கேட்டேன். மூன்றில் ஒன்று செத்துப்போனாலும் மற்ற இரண்டும் சேர்ந்து அதனிடம் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும், அந்தக் குறிப்புக்கு ஒரு டிஸ்க் அளவு இடம் போகும் என்றாய். முப்பது வருஷம் வியாபாரம் செய்தவனுக்கு இது எப்படி ஏறும்? மூன்று பெட்டி திருகாணி வாங்கி, இரண்டை விற்று, ஒன்றைச் சும்மா அடுக்கி வைத்திருக்கிறவன் சாயங்காலம் வீட்டுக்கு என்ன கொண்டுபோவான்? ஆனாலும் நீ சொல்கிறாயே என்று வாங்கிப் போட்டேன். அந்த மூன்றாவது டிஸ்க் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அது எங்கே போய் முடிந்தது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலை கடையைத் திறந்தால் பெட்டி கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. திரையைப் போட்டுப் பார்த்தேன். இடம் தீர்ந்துவிட்டது, மிகப் பழைய பதிவுகளை அழித்துவிடலாமா என்று கேட்டது. மிகப் பழையது எது என்று தேதியைப் பார்த்தேன். நீ பெட்டியைக் கட்டின முதல் வாரம். நீ ஏணியில் நின்று மூன்றாவது கேமராவை மாட்டுகிறாய், உன் அக்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டுகிறாள், நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் திட்டுகிறேன். சத்தம் இல்லை, வாய் அசைவதை வைத்துச் சொல்கிறேன். அழிக்க வேண்டாம் என்று அமுக்கினேன். வியாபாரக் காரணம்தான். நாளைக்கு எவனாவது வந்து, அன்றைக்கு வாங்கின கீல் கோணல் என்று நின்றால் ஆதாரம் வேண்டாமா? ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கின கீலுக்கு எவன் வருவான் என்பாய். கதவு இப்போதுதான் மாட்டினேன் என்று சொல்லிக்கொண்டு வருவான். நீ கவுண்டரில் நின்று வியாபாரம் பார்த்தவன் இல்லை, உனக்குத் தெரியாது. சரி, கொஞ்சம் பார்த்திருக்கிறாய்.

இடத்தைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்தேன். பெட்டியில் ஐந்து பொந்து இருக்கிறது, மூன்றில்தான் டிஸ்க். இன்னொன்றைச் சொருகினால் முடிந்தது, இதற்கு எதற்கு உன்னைக் கேட்க வேண்டும் என்று நேராகப் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற 'கேரண்டி' கடைக்குப் போனேன். அவரை ஞாபகம் இருக்கும், எதற்குமே கேரண்டி கொடுக்காததால் அந்தப் பெயர். நாலு டெராபைட் டிஸ்க் ஒன்று வைத்திருந்தார். புதுசு விலையில் பாதி சொன்னார், நான் பாதியில் பாதி கேட்டேன், இரண்டு பேரும் மனசில்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டு நடுவில் முடித்தோம். கடைக்கு வந்து, பெட்டியின் மேல் நீ ஒட்டி வைத்திருக்கிற சீட்டில் உள்ளபடி சொருகி, சேர்ப்பதற்கான பொத்தானை அமுக்கினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: சேர்க்க முடியாது, அளவு போதாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். பழையதும் நாலு, இதுவும் நாலு. மேலே ஒட்டியிருக்கிற தாளில் இரண்டிலும் நாலு என்றுதான் போட்டிருக்கிறது. மூன்று தடவை கழற்றி மூன்று தடவை சொருகினேன். நாலாவது தடவை துடைத்துச் சொருகினேன். அளவு போதாது.

கடைசியில் இரண்டின் முழு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். நாலு டெராபைட் என்று இரண்டு கம்பெனிக்காரனும் போடுகிறான், ஆனால் இவன் ஒரு துளி குறைத்து அளந்திருக்கிறான். எவ்வளவு தெரியுமா? உன் போனில் ஒரு பாட்டு ஏற்றினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. லட்சக்கணக்கான பாட்டு கொள்ளுகிற இடத்தில் ஒரே ஒரு பாட்டு குறைச்சல். இருக்கிறதிலேயே சின்னது எதுவோ அதைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருந்தாலும் பெட்டி உள்ளே விடாதாம். அரை மில்லி குறைந்த போல்ட்டைக் கையில் வாங்கின உடனே கண்டுபிடித்துத் திருப்பி எறிகிறவன் நான். எனக்கே அளவில் கை வைத்துவிட்டான்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். கேரண்டி என்னைப் பார்த்துவிட்டுக் கையை மட்டும் தலைக்கு மேலே காட்டினார். அங்கே ஒரு போர்டு. 'அளவு பார்த்து வாங்கவும். அளவு தவறி வாங்கிய சரக்கு எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கப்படாது.'

"இது என் கடை போர்டு ஆச்சே" என்றேன்.

"ஆமா, உங்க கடையிலதான் பார்த்தேன். நாலு திருகாணி மாத்த வந்தேன், ஞாபகம் இருக்கா? நீங்களும் இப்படித்தான் கையைக் காட்டுனீங்க. வாசகம் நல்லா இருந்துச்சு, எழுதி மாட்டிட்டேன்."

'எக்காரணம் கொண்டும்' என்பது என் போர்டில் இல்லை, அது அவர் சொந்தமாகச் சேர்த்தது. நன்றாகத்தான் சேர்த்திருக்கிறார். நானும் நம் போர்டில் எழுதிவிட்டேன். அந்த டிஸ்க் இப்போது மேஜைமேல் இருக்கிறது. இந்தக் கடிதம் காற்றில் பறக்காமல் இருப்பதற்கு அதுதான் காவல். அதற்கு அளவு போதும்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஒரு டெக்னீஷியன் வந்தார். நான் கூப்பிடவில்லை. என் வயது ஆள், கழுத்தில் கயிற்றில் கண்ணாடி, தோளில் பை. பக்கத்தில் ஒரு வேலையாக வந்தாராம், பெட்டி கத்துகிற சத்தம் கேட்டதாம். நம் கடைத் தெருவில் இரும்பு வெட்டுகிற சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் பேசுவதே கேட்காது, இவருக்கு உள்ளறையில் கத்துகிற பெட்டி கேட்டிருக்கிறது. சரி, காது நல்ல காது என்று விட்டுவிட்டேன். கூலி எவ்வளவு என்றேன். "பார்த்துக்கலாம் சார்" என்றார். விலையை முதலில் சொல்கிறவனிடம் பேரம் பேசலாம், பார்த்துக்கலாம் என்கிறவனிடம் வீட்டுப் பத்திரத்தைத்தான் நீட்ட வேண்டும். ஆனாலும் அன்றைக்கு வேறு ஆள் இல்லை. அவர் ஒரு டீ குடித்தார், நான் ஒரு டீ குடித்தேன். உன் அக்கா போன பிறகு என் கடையில் என்னோடு உட்கார்ந்து டீ குடித்த முதல் ஆள் அவர். அதனால் கொஞ்சம் இளகிவிட்டேனோ என்னவோ.

புது டிஸ்க் வாங்கப் பெரிய கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். நாலு டெராபைட் சரக்கு இல்லை, எட்டுதான் இருக்கிறது என்றான். நல்லதாகப் போச்சு, நாலு கேட்கப் போய் எட்டு கிடைக்கிறதே என்று நான் பையைத் திறந்தேன். டெக்னீஷியன் என் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு போட்டாலும் பெட்டி நாலைத்தான் எடுத்துக்கொள்ளும், இருக்கிறவர்களில் சின்னவன் எவ்வளவோ அவ்வளவுதான் எல்லோருக்கும் என்றார். மீதி நாலு என்ன ஆகும் என்றேன். சும்மா இருக்கும், மற்ற மூன்றையும் என்றைக்காவது எட்டாக மாற்றினால் அன்றைக்கு அது வேலைக்கு வரும் என்றார். மச்சான், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். குறைச்சலாக வாங்கினால் சேர்க்க மாட்டேன் என்கிறது, அதிகமாக வாங்கினால் தெரியாது என்கிறது. இப்படி ஒரு முதலாளியிடம் நான் வேலை பார்த்ததே இல்லை. அப்படி ஒரு முதலாளியாக நான்தான் இருந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது எழுதும்போது தோன்றுகிறது. எட்டை வாங்கினேன்.

சொருகியதும் இடம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பழைய மூன்று டிஸ்க்கும் தங்களிடம் இருக்கிற சரக்கை எல்லாம் எடுத்து நாலு பேருக்கும் சமமாகப் பிரித்து அடுக்க வேண்டுமாம், இரண்டரை நாள் ஆகுமாம், நடுவில் மின்சாரம் நிற்கக் கூடாதாம். அதோடு, எடுத்து மாற்றும்போது கையிலிருக்கிறதை இறக்கி வைக்க வெளியே கொஞ்சம் இடம் வேண்டும், அது பெட்டிக்குள்ளேயே இருக்கக் கூடாது என்று சொல்லி ஒரு பென் டிரைவைத் தனியாக மாட்டினார். இது மட்டும் எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நாம் கடை அலமாரிகளை மாற்றி அடுக்கினோமே, முதல் அலமாரிச் சரக்கை இறக்க உள்ளே ஒரு முழம் இடம் இல்லாமல் தெருவில் இறக்கினோம், நீ அதன்மேல் ஏறி உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயிலில் காவல் இருந்தாய். உன் மூக்கு தோலுரிந்துபோனதற்குப் பத்து நாள் உன் அக்கா என்னோடு பேசவில்லை. அந்த இடம் இல்லாவிட்டால் ஒரு அலமாரியும் நகர்ந்திருக்காது. அதை அன்றைக்கு யாரும் ஒரு வேலையாக எண்ணவில்லை, நானும்தான்.

திரையில் சதவீதம் ஏறும். ஒன்று ஏறுவதற்கு அரை மணிக்கு மேலே. நாற்காலியை எடுத்துப் பெட்டி பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்த வாடிக்கையாளரிடம் எல்லாம் முப்பத்திரண்டு ஆச்சு, முப்பத்துமூன்று ஆச்சு என்று சொன்னேன். ஒருத்தர் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு மாத்திரை சொல்லிவிட்டுப் போனார். உன் அக்காவுக்குப் போன் பண்ணி முப்பத்தாறு என்றேன். குழந்தை தூங்குது, அப்புறம் பேசுங்க என்றாள். பெட்டியிடமே பேசிக்கொண்டிருந்தேன். பேசினால் திட்டாது, பதிலுக்கு விளக்கு மினுக்கும்.

நாற்பத்தொன்றில் கடகடவென்று ஒரு சத்தம். டப்பாவில் நட்டுப் போட்டுக் குலுக்கினது போல. பழைய டிஸ்க் ஒன்றின் விளக்கு சிவப்பாகி, அப்புறம் அணைந்தே போனது. ஏணி, நீ, உன் அக்கா, அந்த முதல் வாரம், அதற்குப் பிறகு வந்த நாலு வருஷம், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பில்லும்தான். டெக்னீஷியனுக்குப் போன் செய்து என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை, அழுதுகொண்டே பேசினதாக அவர் சொல்கிறார், அதை நம்பாதே. ஆள் உடனே வந்தார். பார்த்தார். உட்கார்ந்தார்.

"ஒண்ணும் போகல சார். இனிமே மெதுவாப் போகும், அவ்வளவுதான். செத்தவன் பங்கை மத்தவங்க சேர்ந்து சொல்லிட்டே வருவாங்க."

எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. செத்தது எது, அந்த மூன்றாவதா, இத்தனை நாளும் சும்மா இருந்ததே, அதுவா என்று கேட்டேன். அதுவாக இருந்தால் போகட்டும் என்று உள்ளுக்குள் ஒரு அல்ப நினைப்பு.

"சும்மா இருக்கிறவன்னு தனியா யாரும் இல்ல சார்" என்றார். "எல்லார்கிட்டயும் பெரும்பங்கு சொந்தச் சரக்கு, மீதி மத்தவங்களைப் பத்தின குறிப்பு. எதை உருவினாலும் மிச்சம் இருக்கிறவங்க தாங்குவாங்க. ஆனா ஒண்ணுதான். இப்ப இன்னொண்ணு போச்சுன்னா, மொத்தமும் போச்சு."

மூன்றாவது எது என்று தொட்டுக் காட்டுங்கள் என்று திரும்பவும் கேட்டேன். தொட்டுக் காட்ட முடியாது சார் என்று திரும்பவும் சொன்னார்.

இப்போது நாம் இரண்டு பேரும் பேசாமல் வைத்திருக்கிற அந்த நாளுக்கு வருகிறேன். கீல் கம்பெனிக்காரர் வந்திருந்தார், கணக்கு எழுதுகிறவர் இருந்தார், வாடிக்கையாளர் நாலு பேர் நின்றார்கள். நீ பின் அறையிலிருந்து வந்து, பெட்டிக்கு நாலாவது டிஸ்க் இப்போதே வாங்கிவிடலாம் அத்தான் என்றாய். நான் எல்லோரையும் பார்த்துவிட்டுச் சொன்னேன், பெட்டிக்குள்ள ஒண்ணு சும்மா உக்காந்திருக்கு, கடைக்குள்ள ஒண்ணு சும்மா உக்காந்திருக்கு, மூணாவது டிஸ்க் ரெண்டுக்கும் நான்தான் தீனி போடறேன் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ சிரித்ததால் அது வேடிக்கைதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த திங்கள்கிழமை பின் அறை மேஜைமேல் சாவி இருந்தது. நீ போன பிறகு உன் வேலைகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. பில் மெஷினுக்குத் தாள் போட்டது நீ. கீல் கம்பெனிக்காரன் அனுப்புகிற சரக்கை எண்ணிப் பார்த்தது நீ. நான் கோபத்தில் வாடிக்கையாளரை விரட்டினால் பின்னாலேயே போய்த் தெருமுனையில் சமாதானம் செய்து கூட்டி வந்ததும் நீ. உன் அக்காவும் நானும் சேர்ந்து அதையெல்லாம் எப்படியோ தாங்கினோம். அப்புறம் அவளும் கிளம்பினாள். இரண்டு போனால் என்ன ஆகும் என்று டெக்னீஷியன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

நாலாம் நாள் மத்தியானம் நூறு ஆனது. அதற்கு அப்புறமும் இடம் கூடவில்லை. பெட்டிக்குள் இடம் வந்திருக்கிறது, வந்திருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று ஏதோ தட்டினார், எட்டு பன்னிரண்டானது. செத்ததை உருவிவிட்டு அதன் இடத்தில் புதுசு ஒன்று வைத்தார், அதுவும் எட்டு, அதிலும் பாதி தூங்குகிறது. எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு கேமரா சொல்லுங்கள் என்றார். நாலு என்றேன். பின் அறை. தேதி சொல்லுங்கள் என்றார், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பின் அறை மேஜை, இரண்டு நாற்காலி. நீயும் நானும் சாப்பிடுகிறோம். நான் ஏதோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறேன். நீ தலையாட்டிக்கொண்டே என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறாய், நான் கவனிக்கவே இல்லை. இத்தனை வருஷம் என் டப்பாவில் அளவு குறைவதற்கு உன் அக்காவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாக இருக்கு, புதுசையும் பார்த்துடலாம் என்று அவர் போன வாரத்துத் தேதியைப் போட்டார். சீக்கிரம் பார்க்கப் பதினாறு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். அதே மேஜை. ஒரு நாற்காலியில் பை, இன்னொன்றில் ஒரு வழுக்கைத் தலை ஆள் கோழி கொத்துகிற மாதிரி டக்டக்கென்று கொத்துகிறான், கையைக் கழுவுகிறான், உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறான். மறுநாள் போட்டார், அதே கொத்து, அதே கழுவல், அதே சுவர். பதினாறு மடங்கு வேகத்திலும் அந்தச் சுவரைப் பார்ப்பது மட்டும் சீக்கிரம் முடியவில்லை. டெக்னீஷியன் மெதுவாக, இந்த கேமராவை நிறுத்திட்டா கால்வாசி இடம் மிச்சம் சார், இன்னும் ஒண்ணரை வருஷத்துக்கு டிஸ்க்கே வாங்கியிருக்க வேண்டாம், அங்க திருட என்ன இருக்கு என்றார். ஓடட்டும், இருக்கட்டும் என்றேன். பை காணாமல் போனால் யார் பதில் சொல்வது?

அப்புறம் கூலி. எவ்வளவு என்று கேட்டேன். பையை மாட்டிக்கொண்டே, அது வந்துடுச்சு சார் என்றார். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார், இடம் நிறைந்தாலும், அளவு தவறின டிஸ்க்கைச் சொருகினாலும், டிஸ்க் செத்தாலும் பெட்டி ஒருத்தருக்கு மெயில் போடுகிறதாம். உனக்கு. நீ போன நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும். ஒன்றும் இல்லாத வாரத்திலும் 'எல்லாம் நலம்' என்று ஒரு வரி போடுகிறதாம். இந்தத் தடவை மெயிலைப் பார்த்து அவரை அனுப்பினதும், கூலி கொடுத்ததும் நீதானாம். நான் ஒரே டிஸ்க்கை நாலு தடவை கழற்றி மாட்டியது உனக்கு நாலு மெயிலாக வந்திருக்கிறது. நீ அதை அவரிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. இந்த இரண்டு வருஷம் நாலு மாசமும் என் கடையிலிருந்து உனக்கு வாரம் தவறாமல் கடிதம் வந்திருக்கிறது, எனக்குத்தான் அது தெரியவில்லை. நீயும் ஒரு வரி பதில் போடவில்லை. மெயில் முகவரியை உங்க பேருக்கு மாத்திடவா சார் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு மெயில் பார்க்கத் தெரியாது, அதனால்தான்.

ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது, உன் தயவு ஒன்றும் தேவைப்படவில்லை, தேவைப்பட்ட கொஞ்சமும் வேறு ஆள் மூலம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் சொன்னது தப்பு. எண்ணிப் பார்க்காமல் சொன்ன அளவு. அளவு தவறினால் நான் திரும்ப எடுப்பதில்லை என்று போர்டே வைத்திருக்கிறேன், இந்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ அங்கேயே நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே, நல்ல நாற்காலியாகப் பார்த்து வாங்கி உட்கார், முதுகு முக்கியம். கைகால் சுகத்தோடு, பிறர் கையை எதிர்பார்க்காமல், நாலு பேர் சுற்றி இருக்க நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அத்தான்.

பி.கு.: இதை மடித்து உறையில் போட்டு ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டின பிறகு உன் அக்கா போன் செய்தாள். கெட்டில் ஆவியில் பிடித்து உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். நீயும் அவளும் போன வாரமே பேசி முடித்துவிட்டீர்களாம், நீ திங்கள்கிழமை வருகிறாயாம், என்னிடம் கேட்டது கடைசியில். அப்படியானால் மேலே எழுதினது அத்தனையும் தேவையில்லாத சரக்கு. ஸ்டாம்பு வீணாகிறது என்பதற்காக மட்டும் அனுப்புகிறேன், படித்துவிட்டுப் படிக்காதது மாதிரி இரு. அவள் போனில் சொன்ன நிபந்தனைகளை எழுதிக்கொண்டேன்: வாரத்தில் நாலு நாள் கடை, மீதி நாள் உன் சொந்த வேலை, லாபத்தில் நாலில் ஒரு பங்கு, அது சம்பளம் இல்லை, பங்கு, கடைச் சாவி ஒன்று உன்னிடம், மற்றவர்கள் முன்னால் நான் டிஸ்க் என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. ஐந்தில் ஒன்று என்று ஒரு தடவை பேரம் பேசிப் பார்த்தேன், அவள் போனை வைக்கப் பார்த்தாள், நாலில் ஒன்றுக்கே முடித்துவிட்டேன். என் தரப்பில் ஒரே ஒரு நிபந்தனை, அதை அவளும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள்: நீ கடையில் இருக்கிற நாலு நாளும் மத்தியானச் சாப்பாடு பின் அறையில், இரண்டு பேருமாக, என் டப்பாவிலிருந்து.